அப்கிரேடு என்றால் அப்கிரேடு!

‘அப்பளம் பொரி’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சமையல் தெரியாத ஒருவர் உங்களிடம் கேட்கிறார். ‘அப்பளத்தைப் பொரிக்க வேண்டும்’ என்று பதில் சொல்கிறீர்கள். அடுத்த முறை அவர் உங்களிடம் சந்தேகம் கேட்பாரா?

உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களில் ஓடும் ஒரு சாஃப்ட்வேர் பல வருடங்களாக இப்படித்தான் பதில் சொல்லி வருகிறது. அதன் பெயர் ஆப்ட்-கெட். ‘அப்கிரேடு’ என்ற கட்டளை என்ன செய்யும் என்று அதனிடம் ஹெல்ப் கேட்டால், கிடைக்கிற விளக்கம்: ‘அப்கிரேடு செய்யும்.’ அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்கிற பழைய சமாசாரம்தான் இது. இந்த முறை கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது, அவ்வளவே.

முதலில் இந்த ஆப்ட்-கெட் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற இன்னொரு ஏற்பாடு லினக்ஸ். காசு கொடுக்க வேண்டாம். அதில் டெபியன் என்று ஒரு வகை, 1993-ல் இயன் முர்டாக் ஆரம்பித்தது. இன்றுவரை உலகம் முழுக்க உள்ள தொண்டர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். அதில் புது புரோகிராம் வேண்டுமென்றால் கடைக்குப் போய் சி.டி. வாங்க வேண்டாம். பாக்கேஜ் மானேஜர் என்று ஒரு ஆசாமி உள்ளேயே இருக்கிறார். நம் ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி மாதிரி. ‘பத்துப் பேருக்கு சாம்பாருக்குப் போடுங்க அண்ணாச்சி’ என்றால் பருப்பு, புளி, வத்தல், பெருங்காயம் எல்லாவற்றையும் அவரே கட்டிக் கொடுப்பார் இல்லையா? அதேபோல ஒரு புரோகிராம் கேட்டால், அது ஓடுவதற்கு வேண்டிய உப சாமான்களையும் சேர்த்து இறக்கி வைப்பார். 1999-ல் வெளியான டெபியன் பதிப்பிலிருந்து அந்த அண்ணாச்சியின் பெயர் ஆப்ட். அவரிடம் பேச மவுஸ் உதவாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்து எழுத்தாக டைப் அடிக்க வேண்டும். இதைத்தான் கமாண்ட் லைன் என்கிறார்கள்.

டெபியனுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ் டெபியன் வழி வந்ததுதான். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு அந்த பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்.பி.யைக் கைகழுவியபோது, அரசுத் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னார்கள். 2025-26 பட்ஜெட்டில் மறுபடியும் இரண்டு வருடங்களில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ என்று அறிவித்தார்கள்.

ஆக, பெட்டியைக் கொடுத்தாகிவிட்டது. பெட்டிக்குள் ஒரு அண்ணாச்சியையும் உட்கார வைத்தாகிவிட்டது. கேட்ட கேள்விக்கு அவர் ஒழுங்காக பதில் சொல்கிறாரா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி மாணவரைப் பார்த்தேன். அப்பாவுக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. அக்காவுக்கு ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இப்போது தம்பியிடம். வயதாகி மூச்சு வாங்கிய அந்தப் பெட்டியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் நண்பன் ஒருவன் உபுண்டு போட்டுக் கொடுத்தான். அதுவும் டெபியன் குடும்பம்தான். உள்ளே அதே அண்ணாச்சி.

ஒருநாள் வாத்தியார், ‘அப்டேட் பண்ணிட்டு வாங்கப்பா’ என்று சொல்லியிருக்கிறார். பையன் ஹெல்ப்பைத் திறந்து பார்த்தான். ‘அப்டேட் – புதிய பாக்கேஜ் பட்டியல்களை எடுத்து வரும்’ என்று ஒரு வரி. ‘அப்கிரேடு – அப்கிரேடு செய்யும்’ என்று அடுத்த வரி.

“ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன் சார். அப்கிரேடுதான் பெருசா தெரிஞ்சுது. அதையே அடிச்சேன்” என்றான்.

இரண்டும் ஒன்றில்லை. அப்டேட் என்பது, கடையில் இன்று என்னென்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கி வருவது. சின்ன வேலை. அப்கிரேடு என்பது, வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானுக்கும் பதிலாகப் புதுச் சாமான் இறக்குவது. நூற்றுக்கணக்கான எம்.பி. ஆகலாம். பையன் போட்டிருந்ததோ ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. செல்போன் ரீசார்ஜ். பாதியில் நெட் தீர்ந்து, திரையில் ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிட்டான்.

உண்மையில் எதுவும் கெடவில்லை. மறுநாள் அதே கட்டளையை மறுபடி அடித்திருந்தால், ஏற்கெனவே இறங்கியதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் இறக்கியிருக்கும். அந்த ஒரு வரி ஹெல்ப்பில் இல்லை. பையன் லேப்டாப்பைக் கடையில் கொடுத்தான். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். பையன் செய்து வைத்திருந்த ப்ராஜெக்ட் போச்சு. கூலி ஐந்நூறு ரூபாய். அப்பாவுக்கு அது ஒரு நாள் கூலி.

‘லினக்ஸெல்லாம் நமக்கு சரிப்படாது சார்’ என்கிறான் இப்போது. அவன் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. கேட்டான். பதில் சரியில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். எங்களுக்கு ஜர்னல் பதிவு சொல்லிக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தை விடாமல் தலையில் ஏற்றுவார்கள். பற்று, வரவு எழுதினால் மட்டும் போதாது. கீழே ‘நரேஷன்’ எழுத வேண்டும். ‘ஜூன் மாதக் கடை வாடகை ரொக்கமாகக் கொடுத்த வகையில்’ என்று ஒரு வரி. ஏன்? அந்தப் பதிவைப் போட்ட குமாஸ்தா நாளைக்கு இருக்க மாட்டார். மூன்று வருடம் கழித்து ஒரு ஆடிட்டர் புரட்டிப் பார்ப்பார். அவருக்கு எதுவும் தெரியாது. அந்தத் தெரியாத மனிதருக்காகத்தான் அந்த வரி. அங்கே போய் ‘பதிவு போட்ட வகையில்’ என்று எழுதினால் மார்க் கிடைக்குமா? ‘அப்கிரேடு – அப்கிரேடு செய்யும்’ என்பது அச்சு அசலாக அந்த நரேஷன்தான். கணக்குப்பிள்ளைக்கு இருக்கிற ஒழுங்கு கணினி மேதைக்கு இருக்க வேண்டாமா?

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். மில் தொழிலாளி யாரையாவது கேட்டுப் பாருங்கள். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையில் மாட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று அப்போதே எழுதி வைத்தது. சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: கை மாட்டப்போவது மெஷினைச் செய்த என்ஜினீயருடையது அல்ல, அதன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவருடையது. எனவே போர்டு அவருக்குப் புரிய வேண்டும். சாஃப்ட்வேருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. மனசாட்சியாவது இருக்கலாம்.

இதைச் சொன்னால் விவரம் தெரிந்த நண்பர்கள் உடனே மூன்று பதில்களோடு வருகிறார்கள்.

முதல் பதில்: ‘மேனுவலைப் படிக்க வேண்டியதுதானே?’

யூனிக்ஸ் உலகத்தின் முதல் மேனுவல் 1971 நவம்பரில் வந்தது. கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்ச்சியும் எழுதியது. அதில் ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பே உண்டு. இந்த புரோகிராமில் இன்னின்ன கோளாறு என்று அவர்களே எழுதி வைத்தார்கள். எவ்வளவு பெருந்தன்மை! ஆப்ட்-கெட்டின் மேனுவலும் மோசமில்லை. அப்கிரேடு எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கெனவே இருக்கிற பாக்கேஜை நீக்காது என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது. நல்லது. அப்படியானால் அந்த ஒரு வாக்கியத்தை ஹெல்ப்பில் போட என்ன கேடு? அங்கே இடமில்லை என்று சொல்லாதீர்கள். அதே ஹெல்ப்பின் கடைசி வரியில், ‘இந்த ஆப்ட்டுக்கு சூப்பர் பசு சக்தி உண்டு’ என்று ஒரு ஜோக் இருக்கிறது. ‘ஆப்ட்-கெட் மூ’ என்று அடித்தால் எழுத்துகளாலேயே ஒரு மாடு படம் வரும். மாட்டுக்கு இடம் இருக்கிறது, மனிதனுக்கு இடம் இல்லை!

எனக்கு ஜோக் மேல் கோபம் இல்லை. ராத்திரி கண் விழித்துச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் விளையாடிவிட்டுப் போகட்டும். முதலில் சோறு, அப்புறம் வெற்றிலை பாக்கு என்கிறேன்.

இரண்டாவது பதில்: ‘கட்டளையை அடித்தவுடன் ஓடிவிடாது. எத்தனை எம்.பி. என்று காட்டி, சரியா என்று கேட்கும். படிக்காமல் “ஒய்” அடித்தால் யார் பொறுப்பு?’

நியாயமான கேள்விதான். 2021 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். லைனஸ் செபாஸ்டியன் என்று கனடாக்காரர். கம்ப்யூட்டர் பற்றியே யூ டியூபில் பேசிப் பிழைப்பவர். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் கேம்ஸ் விளையாடுவதற்கான ஸ்டீம் புரோகிராமைப் போட முயன்றார். பாக்கேஜ்களில் ஏதோ கோளாறு. ‘அத்தியாவசிய பாக்கேஜ்கள் நீக்கப்படும்; என்ன செய்கிறீர்கள் என்று துல்லியமாகத் தெரிந்தாலொழிய இதைச் செய்யக் கூடாது’ என்று ஆப்ட் எச்சரித்தது. தொடர வேண்டுமானால் ‘ஆமாம், சொன்னதைச் செய்’ என்ற ஆங்கில வாக்கியத்தை முழுசாக டைப் அடிக்கச் சொன்னது. அடித்தார். திரையில் இருந்த டெஸ்க்டாப்பே காணாமல் போனது.

‘அவருக்கு வேண்டும்’ என்றது ஒரு கூட்டம். கவனியுங்கள்: எச்சரிக்கையில் நீக்கப்போகும் பாக்கேஜ்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ‘இதற்குப் பிறகு உங்கள் திரையில் ஜன்னல், ஐகான் எதுவும் இருக்காது’ என்ற ஒரு வரி இல்லை. மருந்துக் கடைக்காரர் மாத்திரைக்குள் இருக்கும் ரசாயனங்களின் பெயரை எல்லாம் ஒப்பித்துவிட்டு, ‘தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க’ என்பதை மட்டும் விட்டுவிட்டால் அது எச்சரிக்கையா? நல்ல வேளை, ஆப்ட்காரர்கள் கூட்டத்தைவிடப் பெரிய மனசுக்காரர்கள். அதே 2021-லேயே அந்த இடத்தைத் திருத்தி, அப்படி சுலபமாக எல்லாவற்றையும் கழற்றிப் போட முடியாதபடி செய்தார்கள். பயன்படுத்துகிறவர் மேல் பழி போடுவதை நிறுத்தினால் சாஃப்ட்வேர் திருந்துகிறது.

மூன்றாவது பதில் இப்போது புதிதாக வந்திருப்பது: ‘ஹெல்ப் எல்லாம் யார் சார் பார்க்கிறார்கள்? ஏ.ஐ.யிடம் கேட்டால் சொல்லிவிடுமே!’

சொல்லும். எதை வைத்துச் சொல்லும்? எங்கெங்கோ யார் யாரோ எழுதி வைத்ததைப் படித்துத்தானே? ஊற்று கலங்கலாக இருந்தால் குழாயில் எப்படித் தெளிந்த தண்ணீர் வரும்? அது சொல்கிற கட்டளை பழைய வெர்ஷனுடையதா, உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒத்துவருமா என்று சரிபார்க்கக் கடைசியில் எங்கே வர வேண்டும்? அதே ஹெல்ப்புக்குத்தான்.

சென்னையில் இருக்கிறவனுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு சீனியர் இருப்பான். சனிக்கிழமை சந்திக்க லினக்ஸ் நண்பர்கள் குழு இருக்கும். ராஜபாளையத்துத் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிற பையனுக்கு அந்தக் கறுப்புத் திரைதான் சீனியர், வாத்தியார், அண்ணன் எல்லாம். வாத்தியார் புரியாமல் பேசினால், பையன் தன்னைத்தான் மக்கு என்று நினைத்துக்கொள்வான். இந்த விவகாரத்தில் எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

‘தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒரு கட்சி உண்டு. தமிழில் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘மேம்படுத்து – மேம்படுத்தும்’ என்று எழுதினால் பையனுக்கு என்ன லாபம்? அப்டேட்டுக்குப் ‘புதுப்பி’, அப்கிரேடுக்கு ‘மேம்படுத்து’ என்று போட்டால் ஆங்கிலத்தில் இருந்த குழப்பம் அலுங்காமல் தமிழுக்குக் குடிவந்துவிடும். ‘ஆட்டோ-ரிமூவ்’ என்று ஒன்று இருக்கிறது. ‘பயன்படாத பாக்கேஜ்களைத் தானாக நீக்கும்’ என்கிறது ஹெல்ப். அப்படியே தமிழாக்கினால், ‘ஐயோ, நான் ஆறு மாதமாகத் திறக்காத புரோகிராமெல்லாம் போய்விடுமா?’ என்றுதான் யாரும் நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. சாம்பாருக்காக அண்ணாச்சி தானாகச் சேர்த்துக் கட்டிய பெருங்காயம், சாம்பாரே வேண்டாம் என்றான பிறகும் அலமாரியில் கிடக்கிறது இல்லையா? அதைத்தான் எடுத்துப் போடும். முதலில் தெளிவு, பிறகு மொழிபெயர்ப்பு. வரிசை மாறினால் உழைப்பு வீண்.

குறை மட்டும் சொல்லாதே, எப்படி இருக்க வேண்டும் என்று சொல் என்கிறீர்களா? சொல்கிறேன். ஒவ்வொரு வரியும் நான்கு கேள்விக்கு பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யும்? எதைச் செய்யாது? எனக்கு என்ன செலவு, எது போகும்? பாதியில் நின்றால் என்ன செய்ய? இதோ:

அப்டேட்: கிடைக்கக்கூடிய புரோகிராம்களின் பட்டியலை மட்டும் புதிதாக எடுத்து வரும். உங்கள் புரோகிராம் எதுவும் மாறாது.

அப்கிரேடு: ஏற்கெனவே இருக்கும் புரோகிராம்களுக்குப் புதிய வெர்ஷன் போடும். எதையும் நீக்காது. முதலில் அப்டேட் செய்யவும். நிறைய டேட்டா செலவாகலாம். எவ்வளவு என்று காட்டிக் கேட்கும். இறங்கும்போது நெட் நின்றால் பயப்பட வேண்டாம். மறுபடி இதையே அடித்தால் மிச்சம் இறங்கும்.

டிஸ்ட்-அப்கிரேடு: அப்கிரேடு செய்வதையே செய்யும், தேவைப்பட்டால் சில புரோகிராம்களை நீக்கவும் செய்யும். நீக்கும் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அடிக்காதீர்கள்.

ரிமூவ்: புரோகிராமை நீக்கும், அதன் செட்டிங்ஸ் ஃபைல்களை விட்டு வைக்கும்.

பர்ஜ்: புரோகிராமோடு அந்த செட்டிங்ஸ் ஃபைல்களையும் சேர்த்து நீக்கும்.

ஆட்டோ-ரிமூவ்: வேறு புரோகிராமுக்குத் துணையாகத் தானாக வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாதவற்றை நீக்கும். நீங்களாகக் கேட்டுப் போட்டதைத் தொடாது.

இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால், ‘இன்னிக்குப் போட்டதுங்க, வெளில வெச்சா இத்தனை நாள்தான் தாங்கும்’ என்று கடைக்காரர் நாம் கேட்பதற்கு முன்பே சொல்கிறார். அவர் எந்த ஐ.ஐ.டி.யில் படித்தார்? வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் என்ன அவதிப்படுவார் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறார். அவ்வளவுதான் தேவை.

நல்ல உதாரணங்கள் கம்ப்யூட்டர் உலகத்திலும் இருக்கின்றன. உபுண்டுவில், இல்லாத ஒரு புரோகிராமின் பெயரை அடித்தால் ‘இல்லை’ என்று முகத்தில் அடிக்காமல், அதை நிறுவ எந்தக் கட்டளை அடிக்க வேண்டும் என்று காட்டுகிறது. 2014-ல் வந்த புதிய ‘ஆப்ட்’ கட்டளையின் ஹெல்ப்பில், எது நீக்கும், எது நீக்காது என்று கோடு காட்டியிருக்கிறார்கள். 2013-ல் ஆரம்பித்த ‘டிஎல்டிஆர்’ என்ற திட்டத்தில், உலகம் முழுக்கத் தொண்டர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் நாலு வரி விளக்கமும் உதாரணமும் எழுதுகிறார்கள். அதில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. நம் ஆட்கள் சிலர் சத்தமில்லாமல் உட்கார்ந்து எழுதியவை.

சிலர் போதாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் என்று ஒரே சாலையில் எத்தனை கல்லூரிகள்! கம்ப்யூட்டர் பிரிவில் வருடா வருடம் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட். நூலக மேலாண்மை, வருகைப் பதிவேடு, மறுபடி நூலக மேலாண்மை. பைண்டு பண்ணி, பொன் எழுத்து அடித்து, அலமாரியில் அடுக்கி, கறையானுக்குக் கொடுக்கிறோம். அவற்றில் எதையாவது யாராவது ஒரு நாளாவது பயன்படுத்தியது உண்டா?

டெபியனில் யார் வேண்டுமானாலும் பிழை அறிவிக்கலாம். திருத்தமும் அனுப்பலாம். ஜாதகம், சிபாரிசு எதுவும் கேட்பதில்லை. கல்லூரி முதல்வர்களே, இந்த வருடம் பத்துப் பத்து மாணவர்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டளையின் ஹெல்ப்பைக் கொடுங்கள். ‘இதில் உனக்குப் புரியாத வரி எது? புரிகிற மாதிரி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுது’ என்று சொல்லுங்கள். எழுதியதை வாத்தியார் திருத்த வேண்டாம். பக்கத்து வகுப்பில் பி.காம். படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். ‘அப்டின்னா?’ என்று அந்தப் பிள்ளை கேட்டால், திரும்ப எழுதட்டும். கேட்காமல் கட்டளையைச் சரியாக அடித்துவிட்டால், டெபியனுக்கு அனுப்பட்டும்.

இந்த வேலைக்குத் தேவையான தகுதி மேதைகளிடம் இல்லை. அவர்களுக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டதே! புரியாமல் முழித்த அனுபவம் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் இதை எழுத முடியும். அந்தத் தகுதி நம் பிள்ளைகளிடம் தாராளமாக இருக்கிறது. அதைக் குறை என்று சொல்லிச் சொல்லியே அவர்களைக் கூனிக் குறுக வைத்திருக்கிறோம்.